பொன்னின் விலையும் மூச்சின் விலையும்

தென்னாபிரிக்கச் சுரங்கத் தொழிலாளரின் கதை

நம் வீடுகளிலே பொன்னுக்கு உள்ள மதிப்பு வேறெந்த உலோகத்துக்கும் இல்லை. பிள்ளை பிறந்தாற் காப்பு, பெண் பெரியவளானால் அட்டியல், மணவறையிலே தாலிக்கொடி என்று வாழ்க்கையின் ஒவ்வொரு படியிலும் பொன் நம்முடன் வருகின்றது. இன்று பவுண் என்ன விலை என்று விசாரியாத தாய்மார் இலர். வாங்கும்போது நிறுத்துப் பார்க்கின்றோம்; உரைத்துப் பார்க்கின்றோம்; செம்பு எவ்வளவு கலந்ததென்று தட்டாரைக் கேட்கின்றோம். ஆனால், அப்பொன்னைப் பாறையிலிருந்து பிரித்தவன் யார், அவன் எத்தகைய இடத்தில் நின்று அதனை உடைத்தான், உடைத்தபின் அவனுக்கு என்ன நேர்ந்தது என்று நாம் கேட்பதில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமென்று பிள்ளைகளுக்குச் சொல்லும் நாம், பொன் தந்தவனையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது நினைத்துப் பார்த்தல் தகும்.

நிலத்தின் கீழே செய்யும் தொழில் ஆபத்தானது என்பதை எல்லாரும் அறிவர். மேற்பாறை சரியலாம், நச்சுவாயு பரவலாம், நீர் பெருக்கெடுக்கலாம். இவையெல்லாம் இயற்கையின் செயல், மனிதனால் என்ன செய்ய முடியும் என்று பலர் எண்ணுவர். ஆயின், ஒரே சுரங்கத்திலே, ஒரே பாறையின் கீழ் வேலை செய்த இரு கூட்டத்தாருள் ஒரு கூட்டத்தார் நோய்க்கு ஓய்வூதியம் பெற, மற்றக் கூட்டத்தார் நோயுடன் ஊருக்கு அனுப்பப்பட்டனர் எனின், அதனை இயற்கையின் செயலென்று கூறலாமா? கூலி எவ்வாறு கணக்கிடப்பட்டது, தொழிலாளி எங்கே உறங்கினான், அவன் குடும்பம் எங்கே இருந்தது, 'இவ்விடம் ஆபத்தானது' என்று வாய்திறந்து சொல்ல அவனுக்கு உரிமை இருந்ததா என்பனவே அவன் உயிரையும் உடலையும் பெரிதுந் தீர்மானித்தன. இதனைத் தென்னாபிரிக்கப் பொற்சுரங்கங்களின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. உலகம் இதுவரை தோண்டிய பொன்னில் பெரியதொரு பங்கு அந்நாட்டின் விற்வாட்டர்ஸ்ராண்ட் பகுதியிலிருந்து வந்ததென்பர். நம் வீட்டுச் சங்கிலியிலும் அதன் துகள் இல்லையென்று எவருங் கூற இயலாது.

ஏழைப் பாறையும் நிலைத்த விலையும்

விற்வாட்டர்ஸ்ராண்டிலே பொன் இருப்பது 1886 ஆம் ஆண்டில் தெரியவந்தது. சில ஆண்டுகளில் வெறும் புல்வெளியிலே ஜோகன்னஸ்பேர்க் என்னும் நகரம் எழுந்தது. ஆயினும், அந்தப் பொன் கட்டிகட்டியாகக் கிடைப்பதன்று. கூழாங்கற்கள் இறுகிய கடும்பாறைக்குள், கண்ணுக்குத் தெரியாத சிறு துகள்களாகக் கலந்து கிடப்பது. ஒரு தொன் பாறையை வெட்டி, மேலே ஏற்றி, மாவாக அரைத்து, சயனைட்டுக் கரைசலில் ஊறவைத்தாற் கிடைப்பது ஏறத்தாழ நம் ஒரு பவுண் அளவு. சிலவிடத்துச் சற்றுக் கூடும், சிலவிடத்துக் குறையும். அப்பாறையோ சாய்ந்து சாய்ந்து நிலத்தின் ஆழத்துக்கு இறங்குகின்றது. அதனைப் பின்தொடர்ந்து சென்ற மனிதன் இன்று ஏறத்தாழ நான்கு கிலோமீற்றர், அதாவது இரண்டரை மைல் ஆழத்தில் நிற்கின்றான். அங்கே பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசுக்கும் மேற்பட்டது. மேலே பனிக்கட்டி செய்து, குழாய் வழியே கீழே அனுப்பிக் காற்றைக் குளிர்விக்காவிட்டால் அங்கே மனிதன் வேலை செய்தல் இயலாது.

இத்தகைய ஏழைப் பாறையிலிருந்து இலாபம் எடுப்பது எவ்வாறு? தேயிலைக்கும் கொப்பறாவுக்கும் சந்தையிலே விலை ஏறும், இறங்கும். பொன்னுக்கோ அரசாங்கங்கள் விலை குறித்திருந்தன. 1934 ஆம் ஆண்டு தொடக்கம் 1971 வரையில் ஓர் அவுன்சுக்கு 35 டொலர் என்பதே அமெரிக்கா வைத்த விலை. செலவு கூடிற்றென்று சுரங்க முதலாளி விலையைக் கூட்ட இயலாது. துளை யந்திரமும் டைனமைற்றும் சயனைட்டும் கேட்ட விலைக்கு வாங்கவேண்டியவை. வெள்ளைத் தொழிலாளருக்கு வாக்குரிமையும் சங்கமும் இருந்தன; அவர்கள் சம்பளத்தைத் தொடுவது எளிதன்று. குறைக்கக்கூடியதாய் எஞ்சியது ஒன்றே: கறுப்பினத் தொழிலாளரின் கூலி.

முதலாளிமார் தம்முட் போட்டியிட்டுக் கூலியை உயர்த்தாதிருத்தற்பொருட்டு ஒன்று கூடினர்; ஆள் திரட்டுவதற்குப் பொதுவான நிலையங்களை அமைத்தனர். இதன் பயனைப் பொருளியலறிஞர் பிரான்சிஸ் வில்சன் 1972 இல் வெளியிட்ட நூலிலே கணக்கிட்டுக் காட்டினார். பொருள்களின் விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தால், 1969 இல் ஆபிரிக்கச் சுரங்கத் தொழிலாளி பெற்ற கூலி 1911 இல் அவன் பாட்டன் பெற்றதிலும் கூடியதன்று என்பதே அவர் கண்ட முடிபு. அறுபது ஆண்டுகளில் நகரம் வளர்ந்தது. பங்குகளின் மதிப்பு வளர்ந்தது. கீழே நின்றவனுடைய கூலி மட்டும் வளரவில்லை.

ஊரில் ஒரு குடிசை, சுரங்கத்தில் ஒரு தட்டு

இவ்வளவு குறைந்த கூலிக்கு மனிதர் ஏன் வந்தனர்? வரவழைக்கப்பட்டனர் என்பதே பொருத்தம். குடிசைக்கு வரி, தலைக்கு வரி என்று பணமாகக் கட்டவேண்டிய வரிகள் விதிக்கப்பட்டன. 1913 ஆம் ஆண்டின் நிலச்சட்டம் நாட்டின் பெரும்பான்மையோரான ஆபிரிக்கருக்கு நாட்டு நிலத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கை மட்டும் ஒதுக்கிற்று. காணியற்றவன் காசுக்காகப் புறப்பட்டான். மொசாம்பிக், லெசோத்தோ, மலாவி, பொட்சுவானா என இன்று வழங்கும் நாடுகளிலிருந்தும், தென்னாபிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியிலிருந்தும் இளைஞர் ஒப்பந்தத்திற் கைரேகை வைத்துச் சுரங்கத்துக்கு வந்தனர். ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேலையை விட்டுச் செல்வது, கடன் முறிவு போன்ற வழக்கன்று. சிறைக்கு அனுப்பத்தக்க குற்றம். அச்சட்டங்கள் 1974 ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டன.

வந்தவர் தங்கிய இடம் மதிலாற் சூழப்பட்ட கொட்டகை. ஓர் அறையில் இருபது பேரும் அதற்கு மேற்பட்டோரும் உறங்கினர். சீமெந்தினாற் கட்டிய தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன, அவையே படுக்கை. மனைவி மக்களை உடன் கொண்டுவர அனுமதி இல்லை. இதற்கும் ஒரு கணக்கு இருந்தது. குடும்பம் ஊரிலே பயிர் செய்து பிழைக்கும். ஆதலினாற் கூலி ஒருவனுக்குப் போதுமானதாயிருந்தாற் போதும் என்பதே அக்கணக்கு. நம் மலைநாட்டு லயங்களின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இக்கதை முற்றிலும் புதிதாகத் தோன்றாது. எனினும் லயத்திலே குடும்பமாவது உடன் இருந்தது.

நெருக்கமான அறைகளில் நியூமோனியாக் காய்ச்சல் பரவிற்று. வெப்பநாடுகளிலிருந்து வந்த இளைஞர் வந்த சில மாதங்களிலேயே திரள் திரளாக மடிந்தனர். சாவு அளவு கடந்தமையால், 1913 ஆம் ஆண்டிலே 22 ஆம் அகலக்கோட்டுக்கு வடக்கேயுள்ள நாடுகளிலிருந்து ஆள் திரட்டுவதை அரசாங்கம் தடை செய்தது. அக்காலத்திற் பனாமாக் கால்வாய் வெட்டிய தொழிலாளரை நோயினின்று காத்துப் புகழ் பெற்றவர் வில்லியம் கோர்கஸ் என்னும் அமெரிக்க இராணுவ வைத்தியர். அவரை அழைத்து ஆலோசனை கேட்டனர். அவர் சுரங்கங்களைப் பார்வையிட்டு, மனிதரை இவ்வாறு அடைத்து வைப்பதை விடுங்கள். தனித்தனிக் குடிசைகளில் குடும்பத்தோடு வாழவிடுங்கள் என்ற கருத்துப்பட யோசனை கூறினார். அதே காலத்தில் நியூமோனியாவுக்குத் தடுப்பூசி காணும் முயற்சியும் நடந்தது. முதலாளிமார் ஊசியை ஏற்றுக்கொண்டனர், வீட்டை ஏற்கவில்லை. ஊசிக்குச் செலவு சிறிது. வீட்டுக்குச் செலவு பெரிது. 1930களில் வடநாடுகளிலிருந்து ஆள் திரட்டுவது மீண்டுந் தொடங்கிற்று. குடும்பமற்ற கொட்டகை வாழ்க்கை மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

கண்ணுக்குத் தெரியாத தூசி

சுரங்கத்தின் கொடிய பகைவன் வெடியுமன்று, சரிவுமன்று, தூசியே. பொன் இருக்கும் பாறையிற் பெரும்பகுதி சிலிக்கா என்னும் படிகக்கல்லாகும். துளையிடும்போதும் வெடிவைக்கும்போதும் அது பொடியாகின்றது. கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். தெரியாத நுண்தூசியே சுவாசப்பையின் அடி ஆழம் வரை செல்கின்றது. அங்கே புகுந்த சிலிக்கா வெளியேறுவதில்லை. அதனைச் சுற்றித் தழும்பு உண்டாகின்றது; தழும்பு வளர்ந்து, பஞ்சு போன்ற சுவாசப்பை இறுகிப்போகின்றது. முதலில் மாடிப்படி ஏறும்போது இளைப்பு. பின்னர் நடக்கும்போது இளைப்பு. முடிவிற் படுத்திருக்கும்போதும் இளைப்பு. இதற்கு மாற்று மருந்து இன்றுவரை இல்லை. இந்நோய் கண்ட சுவாசப்பையைச் சயரோகமும் எளிதிற் பற்றிக்கொள்ளும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே காற்றழுத்தத்தால் இயங்கும் துளை யந்திரம் வந்தபோது இந்நோய் பெருகிற்று. முதலில் அஃது இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியிலிருந்து வந்த வெள்ளைத் துளைஞரைக் கொன்றது. இளவயதிலேயே அவர்கள் இறக்கக் கண்ட அரசாங்கம் 1902 இல் விசாரணைக்குழு அமைத்தது. பரிகாரமும் அப்பொழுதே தெரியும்: துளையிடும்போது நீர் பாய்ச்சவேண்டும், வெடி வைத்தபின் தூசியும் புகையும் அடங்கும்வரை ஒருவரும் உள்ளே செல்லலாகாது, நல்ல காற்றோட்டம் வேண்டும். ஆனால் நீர்க்குழாய்க்குப் பணம் வேண்டும். காத்திருத்தலுக்கு நேரம் வேண்டும். ஆழத்திலே நேரமும் பணமே. ஆதலினால் தெரிந்த பரிகாரமும் முழுமையாக நடைமுறைக்கு வர நெடுங்காலம் சென்றது.

சுவாசப்பை நோய்க்கு நட்டஈடு வழங்கும் சட்டம் தென்னாபிரிக்காவில் 1911 ஆம், 1912 ஆம் ஆண்டுகளிலேயே வந்துவிட்டது. உலகிலே அந்நோய்க்கு முதன்முதல் நட்டஈடு அளித்த நாடுகளுள் அதுவும் ஒன்று. அச்சட்டம் யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்பதிலேதான் சூழ்ச்சி இருந்தது. காலப்போக்கில் வெள்ளைத் தொழிலாளருக்கு ஓய்வூதியம் கிடைத்தது. கறுப்பினத் தொழிலாளருக்கு ஒருமுறை மட்டும் ஒரு சிறு தொகை. வெள்ளையருக்கு அதற்கென அமைந்த வைத்திய நிலையத்திலே குறித்த காலத்துக்கு ஒருமுறை எக்ஸ்-றே படம் பிடித்தனர். கறுப்பரையோ நெடுங்காலம் வரிசையாக நிறுத்தி எடை பார்த்தனர். எடை குறைந்தவனுக்குச் சயரோகம் இருக்கக்கூடும் என ஐயுற்றனர். சயரோகம் உறுதியானால் ஊருக்கு அனுப்பினர். சட்டத்திலிருந்த இந்த இனவேறுபாடு 1993 ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது.

இங்கே நாம் கருத்தூன்றிக் காணவேண்டியது ஒன்றுண்டு. இந்நோய் பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டுகளுக்குப் பின்பே வெளிப்படும். ஒப்பந்தம் முடிந்து மலைக்கிராமத்துக்குத் திரும்பியவன் அங்கே இருமி இருமி இறந்தான். அவ்வூரில் எக்ஸ்-றே இல்லை. நோயின் பெயர் சொல்ல வைத்தியரும் இல்லை. சுரங்கத்தின் பேரேட்டிலே அச்சாவு ஏறவில்லை. நோய் குறைவென்று முதலாளிமார் நெடுங்காலம் கூறியதற்குக் காரணம், நோயாளர் அவர்கள் கண்முன் இல்லாமையே. 1990களில் ஆராய்ச்சியாளர் பொட்சுவானாவிலும் கிழக்குக் கேப்பிலும் கிராமங்களுக்கே சென்று, முன்னாட் சுரங்கத் தொழிலாளரைப் பரிசோதித்தனர். ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குத் தூசிநோய் இருக்கக் கண்டனர். அவருட் பலர் தமக்கு உரியதாகிய நட்டஈட்டைப் பற்றிக் கேள்விப்பட்டதும் இல்லை.

இது தொலைதேசத்துக் கதை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. மைசூர் நாட்டுக் கோலார் தங்கவயலிலே பாறை உடைத்தோருட் பெரும்பாலார் தமிழர். அங்கே 1940களில் நடந்த வைத்தியப் பரிசோதனையில், சோதிக்கப்பட்ட தொழிலாளருள் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இதே தூசிநோய் காணப்பட்டது. 2001 இல் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன.

மறுத்துச் சொல்ல உரிமையில்லாதவன்

ஆழத்திலே மேற்பாறையின் சிறு முனகலையும் முதலிற் கேட்பவன் அதன் கீழ் நிற்பவனே. அவன் 'இன்று இங்கே வேலை செய்யலாகாது' என்று சொன்னால், சொல் கேட்கப்படின், உயிர் தப்பும். ஆனால் தென்னாபிரிக்கச் சுரங்கத்திலே அச்சொல்லைச் சொல்லும் அதிகாரம் அவனுக்கு இல்லை. வெடி வைக்கும் உரிமைச்சீட்டும், இடத்தைச் சோதித்துப் 'பாதுகாப்பானது' என்று கூறும் பதவியும் சட்டப்படி வெள்ளையருக்கே உரியவாயிருந்தன. 1980களின் இறுதியிலேயே அத்தடை நீங்கிற்று. இருபது ஆண்டு அனுபவமுள்ள கறுப்பினத் தொழிலாளி, நேற்று வந்த மேற்பார்வையாளனின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தான்.

அம்மேற்பார்வையாளனுக்கும் ஊக்கப்பணம் உண்டு. எவ்வளவு பாறை வெட்டப்பட்டதோ அவ்வளவுக்குப் பணம். மரத்தூண் நாட்டும் நேரமும், தளர்ந்த கற்களைக் கம்பியினால் தட்டி வீழ்த்தும் நேரமும் பாறை வெட்டாத நேரங்களே. ஒருவனுடைய வருமானம் விரைவிலும், மற்றொருவனுடைய உயிர் நிதானத்திலும் தங்கியிருந்தால், அதிகாரம் உள்ள பக்கமே துலாக்கோல் சாயும். மொழியும் ஒரு தடையாயிற்று. பல நாட்டார் சேர்ந்து வேலை செய்தமையால் 'பனகலோ' என்னும் கலப்புமொழி பயன்பட்டது. கட்டளையிடவும் கீழ்ப்படியவும் அது போதும். ஐயுறவும் விவாதிக்கவும் அது போதாது.

1959 டிசெம்பர் 28 ஆம் நாள், கோல்புரூக் நிலக்கரிச் சுரங்கத்தின் ஒரு பகுதி சரிந்தது. எச்சரிக்கை அதுவே, வேலை நிற்கவில்லை. 1960 ஜனவரி 21 ஆம் நாள் பெரும் பரப்பிலே தூண்கள் நொறுங்கி மேற்பாறை வீழ்ந்தது. 435 பேர் உள்ளே அகப்பட்டு மாண்டனர். அவர்களின் உடல்கள் இன்னும் நிலத்தின் கீழேயே உள்ளன.

1986 செப்டெம்பர் 16 ஆம் நாள் கின்ரொஸ் பொற்சுரங்கத்திலே உலோகம் ஒட்டும்போது தீப்பற்றிற்று. சுரங்கவழியின் சுவர்களிலே பூசியிருந்த பிளாஸ்ரிக் நுரை எரிந்து நச்சுப்புகை கக்கிற்று. 177 பேர் இறந்தனர். இறந்த வெள்ளையரின் பெயர்கள் முதலில் வெளியாயின. கறுப்பினத்தவரோ இன்ன இனத்தார் இத்தனை பேர் என்ற கணக்கிலே வெளியிடப்பட்டனர். பெயரின்றி வாழ்ந்தவர் பெயரின்றியே மாண்டனர் என்று தாய்மார் பொருமியதில் வியப்பில்லை.

நம்மவரும் அந்நாட்டிலே சுரங்கம் கண்டவரே. நேற்றாலின் நியூகாசில் பகுதி நிலக்கரிச் சுரங்கங்களில் ஒப்பந்தக் கூலிகளாக இருந்த இந்தியருள் தமிழர் பலர். ஒப்பந்தம் முடிந்தும் அந்நாட்டில் இருப்போர் ஆண்டுக்கு மூன்று பவுண் வரி கட்டவேண்டுமென்ற சட்டம் அவர்களை மீண்டும் ஒப்பந்தத்திலே தள்ளிற்று. 1913 ஒக்ரோபரில், திரான்ஸ்வாலிலிருந்து வந்த பெண்கள் சிலர் அவர்களிடையே சென்று வேலைநிறுத்தத்துக்கு அழைத்தனர். அப்பெண்களிற் பெரும்பாலார் தமிழர். நவம்பர் 6 ஆம் நாள் காந்தியடிகளுடன் எல்லை கடந்து நடந்தவர் 2037 ஆண்கள், 127 பெண்கள், 57 சிறுவர் என்பது அவர் எழுதிவைத்த கணக்கு. பிடிபட்ட தொழிலாளரை அடைக்கச் சிறை போதவில்லை. அரசாங்கம் சுரங்கக் கொட்டகைகளையே சிறையென்று அறிவித்து, சுரங்க மேற்பார்வையாளரையே சிறைக்காவலராக்கிற்று. கொட்டகைக்கும் சிறைக்கும் உள்ள வேறுபாடு அத்துணைச் சிறிது! எனினும் 1914 இல் அவ்வரி நீங்கிற்று.

சங்கம் தந்த காவல்

ஆபிரிக்கத் தொழிலாளர் ஒன்றுகூடிக் குரலெழுப்ப நீண்ட காலம் போராடினர். 1946 ஓகஸ்டில், நாளொன்றுக்குப் பத்துச் சிலிங் கூலி கேட்டு அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஒரு வாரத்துக்குள் பொலிசார் அதனை நசுக்கினர். ஒன்பது பேருக்குக் குறையாமல் உயிரிழந்தனர். அதன்பின் முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1982 இல், தேசிய சுரங்கத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. அதன் முதற் பொதுச்செயலாளர் சிறில் ரமபோசா. பின்னர், 2018 இல், நாட்டின் சனாதிபதியானவர்.

அச்சங்கம் கூலியோடு பாதுகாப்பையும் கையிலெடுத்தது. 1983 இல் ஹ்லொபானே நிலக்கரிச் சுரங்க வெடிப்பில் 68 பேர் இறந்தபோது, விசாரணையிலே இறந்தோர் குடும்பங்களுக்காகச் சட்டத்தரணிகளையும் நிபுணரையும் சங்கம் நிறுத்திற்று. ஒரு பொற்சுரங்கத்திலே ஆபத்தான இடத்தில் வேலை செய்ய மறுத்தமைக்காக நீக்கப்பட்டவரின் வழக்கைக் கைத்தொழில் நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்று, அவர்களை மீண்டும் வேலையில் அமர்த்திற்று. கின்ரொஸ் துயரத்தின் பின் 1986 ஒக்ரோபர் முதலாம் நாள் இலட்சக்கணக்கானோர் வேலைக்குச் செல்லாது துக்கம் காத்தனர்.

1994 இல் நிறவெறி ஆட்சி நீங்கியதும் லியோன் என்னும் நீதிபதியின் தலைமையில் விசாரணைக்குழு அமைந்தது. அந்நூற்றாண்டின் முதல் 93 ஆண்டுகளில் 69,000 பேருக்கு மேல் சுரங்க விபத்துக்களில் இறந்தனர், பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் கடுங்காயமுற்றனர் என்று அக்குழு அறிவித்தது. தூசிநோயால் ஊரிலே இறந்தோர் இக்கணக்கிற் சேரார். 1995 மே 10 ஆம் நாள், வால் ரீப்ஸ் சுரங்கத்திலே நிலத்தடி இரயில் எஞ்சினொன்று குழிக்குள் வீழ்ந்து, தொழிலாளரை ஏற்றிய கூண்டை நசுக்கிற்று. 104 பேர் மாண்டனர்.

1996 ஆம் ஆண்டின் சுரங்கச் சுகாதார பாதுகாப்புச் சட்டம் அதன்பின் வந்தது. தொழிலாளர் தம் பாதுகாப்புப் பிரதிநிதிகளைத் தெரிவு செய்யலாம். ஆபத்தென்று நியாயமாகக் கருதும் இடத்தைவிட்டு வெளியேறலாம். காகிதத்திலே ஒரு வரி. கீழே நிற்பவனுக்கோ அஃது ஓர் உயிர். 1990களின் தொடக்கத்தில் ஆண்டுதோறும் பல நூற்றுக்கணக்கானோர் சுரங்கங்களில் இறந்தனர். 2024 இல் 42 பேர் இறந்தனர். பொற்சுரங்கத் தொழிலாளர் தொகை ஐந்து இலட்சத்திலிருந்து ஓர் இலட்சத்துக்குக் கீழே சுருங்கியதும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறைத்தலாகாது. ஆனால் சாவின் தொகை, தொழிலாளர் தொகையிலும் விரைவாகக் குறைந்துள்ளது. பாறை பழைய பாறையே. ஆழம் முன்னிலும் கூடிற்று. மாறியவை சட்டமும் கருவியும் தொழிலாளியின் குரலுமே.

தூசிநோய்க்கும் ஒரு வழக்குப் பிறந்தது. மங்காயி என்னும் தொழிலாளர் 1979 முதல் 1995 வரை பொற்சுரங்கத்திலே வேலை செய்து, தூசிநோயும் சயரோகமும் உற்றவர். நட்டஈடாக அவருக்குக் கிடைத்தது 16,320 ராண்ட். அதற்குமேல் முதலாளிமீது வழக்குத் தொடர உரிமையில்லை என்றனர். அவர் விடவில்லை. நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2011 மார்ச் 3 ஆம் நாள், வழக்குத் தொடரலாம் என்று தீர்ப்பளித்தது. அதற்கு ஒரு வாரத்துக்கு முன் அவர் இறந்துவிட்டார். அவர் திறந்த கதவினூடே பல்லாயிரவர் சென்றனர். ஆறு சுரங்கக் கம்பனிகள் 500 கோடி ராண்ட் வரை வழங்கும் இணக்கத்தை 2019 இல் ஜோகன்னஸ்பேர்க் மேல்நீதிமன்றம் ஏற்றது. இறந்தோரின் குடும்பத்தாருக்கும் அதில் உரிமை உண்டு. கைரேகை வைத்து வந்தவரை, கலைந்த பேரேடுகளைக் கொண்டு பல நாட்டுக் கிராமங்களிலே தேடிப்பிடிக்கும் வேலை அதன் பின்பே தொடங்கிற்று.

சட்டத்துக்கு வெளியே ஒரு குழி

கதை இத்துடன் முடியவில்லை. சுரங்கங்கள் மூடப்பட்டபின் வேலையிழந்தவரும் அயல்நாட்டு ஏழைகளும் கைவிடப்பட்ட குழிகளுக்குள் களவாக இறங்கிப் பொன் தேடுகின்றனர். 'ஸாமா ஸாமா' என்று அவர்களை அழைப்பர். முயன்று பார்ப்போர் என்பது அதன் கருத்து. சங்கமும் இல்லை, பரிசோதகரும் இல்லை, தூசியை அடக்க நீரும் இல்லை. 2024 இல் ஸ்ரில்பொன்ரெயின் என்னுமிடத்துப் பழஞ்சுரங்கத்தைப் பொலிசார் சூழ்ந்து, உள்ளிருந்தோர் வெளியே வருமாறு உணவு செல்வதைத் தடுத்தனர். நீதிமன்றத் தலையீட்டின் பின், 2025 ஜனவரியில் மீட்புப்பணி நடந்தபோது, 246 பேர் உயிருடனும் 78 பேர் பிணமாகவும் மேலே கொண்டுவரப்பட்டனர். சட்டம் காக்கும் சுரங்கத்திலே ஓராண்டில் 42 பேர். சட்டம் எட்டாத ஒரே குழியிலே 78 பேர். இவ்விரு எண்களும் நாம் இதுவரை கூறியவற்றைச் சுருக்கிச் சொல்லும்.

மாணவர்கள் இனிப் பத்திரிகையிலே சுரங்க விபத்துச் செய்தியைப் படிக்கும்போது, பாறை ஏன் வீழ்ந்தது என்பதோடு நின்றுவிடாது, மேலும் சில கேள்விகளைக் கேட்டுப் பார்த்தல் நன்று. அங்கே கூலி வெட்டிய அளவுக்கா, நாளுக்கா? தொழிலாளி அவ்வூரவனா, ஒப்பந்தத்தில் வந்தவனா? ஆபத்தென்று கூறினால் அவனுக்கு வேலை நிலைக்குமா? நோயுற்றால் அவனை யார் பார்ப்பர்? இவற்றுக்கு விடை தெரிந்தால், விபத்தின் காரணத்தில் பாதி விளங்கிவிடும். இலங்கையின் மாணிக்கக் குழியாயினும், தொலைநாட்டு நிலக்கரிக் குழியாயினும் கேள்விகள் இவையே.

தாய்மார் பெட்டகத்தைத் திறந்து நகையை எடுக்கும்போது, அருகே நிற்கும் பிள்ளை இது எங்கிருந்து வந்தது என்று கேட்கக்கூடும். நகைக்கடையிலிருந்து என்று கூறுவது எளிது. அதனோடு, ஒரு பவுணுக்காக ஒரு தொன் பாறையை உடைத்தவனைப் பற்றியும், மூச்சுத் திணறியபோதும் வழக்கை விடாது நடத்திய மங்காயியைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லி வைப்போம். பொன்னின் விலையை நன்கறிந்த நம் பிள்ளைகள், அதனை எடுத்தவனுடைய மூச்சின் விலையையும் அறிந்து வளரட்டும்.